வலி நிவாரணிகளின் பக்கவிளைவுகள்: அறிந்துகொள்ள வேண்டியவை

புதிதாக வலி நிவாரணி உட்கொள்ளத் தொடங்குவோர், தொடங்கிய தேதியைக் குறித்து வைப்பது அவசியம். சில பக்கவிளைவுகள் பல வாரங்கள் கழித்தே தோன்றக்கூடும்.

மாதவிடாய் வலி, பல்வலி, மூட்டுவலி, காய்ச்சல் ஆகியவற்றுக்குப் பரவலாகப் பயன்படும் மெஃபெனாமிக் அமிலம் குறித்து, இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று எச்சரிக்கை விடுத்தது. இம்மருந்து ‘டிரெஸ்’ எனப்படும் கடும் ஒவ்வாமையை ஏற்படுத்தக்கூடும் என அதில் தெரிவிக்கப்பட்டது.

காய்ச்சல், தோல் தடிப்பு, நெறிகட்டுதல் ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள். கல்லீரல் உள்ளிட்ட உள்ளுறுப்புகளும் பாதிக்கப்படலாம். மருந்தைத் தொடங்கிய 2 முதல் 8 வாரங்களில் இவை தோன்றுவதால், சாதாரணக் காய்ச்சல் எனக் கருதி அதே மாத்திரையை மீண்டும் உட்கொள்ளும் அபாயம் உள்ளது.

வயிற்று எரிச்சல், குமட்டல் போன்றவற்றைக் குறைக்க, உணவுக்குப் பின் மாத்திரையை உட்கொள்ளலாம். தோல் தடிப்புடன் காய்ச்சல், மலம் கருத்தல், முகவீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது ஏற்பட்டாலும் மருந்தை நிறுத்திவிட்டு உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிறுநீரக நோய், வயிற்றுப்புண் உள்ளோரும் கர்ப்பிணிகளும் மருத்துவரின் ஆலோசனையின்றி இவ்வகை மாத்திரைகளை உட்கொள்ளக் கூடாது.

பக்கவிளைவுகள் குறித்து 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளிகளே தெரிவிக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் இதற்கான கண்காணிப்பு மையங்கள் உள்ளன, கொல்கத்தாவில் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையிலும் இத்தகைய மையம் செயல்படுகிறது. நாடு முழுவதிலிருந்தும் திரட்டப்பட்ட இத்தகைய தகவல்களின் ஆய்வே 2023 எச்சரிக்கைக்கு அடிப்படையாக அமைந்தது.