மிளகு அந்துப்பூச்சியின் வரலாறு

வரலாறு என்றதும் மன்னரையும் போரையுமே நாம் எண்ணுவது வழக்கம். ஆயினும், ஒரு சிறு பூச்சியின் சிறகிலும் ஒரு நாட்டின் வரலாறு பதிந்திருத்தல் கூடும். இங்கிலாந்தின் மிளகு அந்துப்பூச்சி அதற்குச் சான்று.

சிறகை விரித்தால் ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் அகலமுடைய இப்பூச்சியின் வெண்சிறகுகளில், மிளகுத்தூள் சிந்தினாற்போலக் கரும்புள்ளிகள் விரவியிருக்கும். மரச்சோலைகளே இதன் உறைவிடம். இரவிற் பறந்து, பகலில் வெளிறிய இலைக்கன் படர்ந்த மரங்களில் அசையாது கிடக்கும். நிறத்தோடு நிறம் கலத்தலால் பறவைகளின் கண்ணுக்குத் தப்பும். இதன் புழுவோ சுள்ளியைப் போலவே தோன்றும்.

கைத்தொழிற் புரட்சியின் பயனாக ஆலைப் புகை நாடெங்கும் பரவிற்று. இலைக்கன் மடிந்தது, மரப்பட்டை கரிபடிந்தது. 1848 இல் மாஞ்செஸ்ரர் நகரிற் கரிய பூச்சியொன்று காணப்பட்டது. அந்நூற்றாண்டு முடியுமுன் அங்கு வெள்ளைப் பூச்சியே அரிதாயிற்று. புகை பூச்சிக்குச் சாயம் தீட்டவில்லை. பிறப்பிலேயே கரியனவாய் அமைந்தவை தப்பிப் பெருகின. வெளிறியவை பறவைக்கு இரையாயின. 1896 இல் தட் என்பார் இவ்விளக்கத்தைக் கூறினார்.

கூறினாற் போதுமா? மெய்ப்பிக்க வேண்டாமா? 1953 இல் கெற்றில்வெல் என்னும் அறிஞர் பேர்மிங்காம் அருகே புகைபடிந்த சோலையில், அடையாளமிட்ட பூச்சிகளை விடுத்து மீண்டும் பிடித்தார். கரியவையே மிகுதியாகத் தப்பியிருந்தன. 1955 இல் டோர்செற் பகுதியின் தூய சோலையில் முடிவு நேர்மாறாயிற்று.

பின்னாளில் ஐயம் எழுந்தது. “இப்பூச்சிகள் பெரும்பாலும் கிளைகளிலன்றோ தங்கும்? அவர் அடிமரத்தில் வைத்தாரே!” என்றனர். மைக்கேல் மஜேரஸ் என்னும் பேராசிரியர் ஐயுற்றோரை வெறுத்தாரல்லர். கேம்பிரிஜ் நகரில் 2001 முதல் 2007 வரை 4,864 பூச்சிகளைக் கொண்டு, இயல்பாகத் தங்கும் இடங்களையும் கவனித்து, ஆய்வை மீண்டும் செய்தார். 2009 இல் அவர் மறைந்தார். அவருடைய முடிவுகளைத் தோழர்கள் 2012 இல் வெளியிட்டனர். பறவைகளே காரணம் என்பது உறுதியாயிற்று.

இதற்கிடையில், 1956 இல் இயற்றப்பட்ட தூய காற்றுச் சட்டத்தின்பின் புகை குறைந்தது, இலைக்கன் மீண்டது, வெள்ளைப் பூச்சியும் மீண்டது.

மனிதர் செய்த தீங்கையும், அதைத் திருத்திய செயலையும் இப்பூச்சி ஒருங்கே காட்டுகின்றது. ஐயத்தை அடக்குவதால் அன்று, ஆராய்வதாலேயே உண்மை நிலைபெறும் என்பதும் இதன் பாடமாம்.