அகச் சுதந்திரமும் அடிமை முறையும்
உரோம ஸ்ரோயிக்கரின் தன்னாள்கை பற்றிய ஒரு சமூகவரலாற்று நோக்கு

தன்னைத் தானே அடக்கி ஆளுதல், தனித்திருந்து தன் செயல்களை விசாரித்தல், இன்பதுன்பங்களைச் சமனாக ஏற்றல் ஆகியவற்றைக் காலதேச வரையறைகளைக் கடந்த விழுமியங்களாக எடுத்துரைப்பது ஒழுக்கவியல் நூல்களின் வழக்கமாகும். ஆனால் ஒரு விழுமியம் எந்தச் சமூகத்தில், எந்த வர்க்கத்தினரால், எத்தகைய நெருக்கடியின்போது வற்புறுத்தப்பட்டது என்பதை நோக்காது அதன் பெறுமதியை மதிப்பிடல் இயலாது. இவ்வகையில், தன்னாள்கையை முறையான பயிற்சியாகவே வளர்த்தெடுத்த ஸ்ரோயிக் மெய்யியலின் வரலாறு நமது கவனத்துக்குரியது.

கி.மு. 338 இல் கைரோனியாப் போரில் மசிடோனியா பெற்ற வெற்றியுடன் கிரேக்க நகர அரசுகளின் சுயாதீனம் குன்றலாயிற்று. போரையும் சமாதானத்தையும் மன்றில் கூடித் தீர்மானித்த குடிமகன், தொலைவிலுள்ள அரசவைகளின் முடிவுகளுக்குக் கட்டுப்பட்டவனானான். இச்சூழலிலேயே, கி.மு. 300 அளவில், சைப்பிரசிலிருந்து வந்த சீனோ ஏதென்சின் ஓவிய மண்டபமொன்றில் போதிக்கத் தொடங்கினார். அம்மண்டபத்தைக் குறித்த 'ஸ்ரோவா' என்ற கிரேக்கச் சொல்லே இம்மெய்யியலுக்குப் பெயராயிற்று. புறவுலகில் குன்றிய சுதந்திரம் அகவுலகில் தேடப்பட்டமை தற்செயலானதன்று. சிலர் இயற்கையாகவே அடிமைகள் என்ற அரிஸ்ரோட்டிலின் வாதத்தை ஸ்ரோயிக்கர் ஏற்கவில்லை. பகுத்தறிவு மனிதர் யாவர்க்கும் பொது என்றனர். கருத்துலகில் இது ஒரு முன்னேற்றமே. ஆயின், அடிமைநிலை விதிவசத்தால் நேர்வது, அது உடலையன்றி ஆன்மாவைத் தீண்டாது என்ற முடிபுக்கும் இதே வாதம் இட்டுச்சென்றது.

உரோமப் பேரரசில் இம்முரண்பாடு கூர்மையடைந்தது. ஓர் அமைச்சர், ஓர் அடிமை, ஒரு பேரரசர் ஆகிய மூவரின் வாழ்வில் அதனைத் தெளிவாகக் காணலாம்.

நீரோ மன்னனின் ஆசிரியராகவும் ஆலோசகராகவும் விளங்கியவர் செனெகா. இரவில் விளக்கு அகற்றப்பட்டபின், அன்றைய தம் சொல்லையும் செயலையும் தம்முன்னே வழக்காக வைத்து விசாரிப்பதாக அவர் எழுதியுள்ளார். நான்கே ஆண்டுகளில் அவர் 30 கோடி செஸ்ரர்ஸ் நாணயம் சேர்த்ததாக எதிரியொருவர் சாட்டிய குற்றத்தை வரலாற்றாசிரியர் தசித்தஸ் பதிவுசெய்துள்ளார். கி.பி. 61 இல் உரோம நகர ஆளுநர் பெதானியஸ் செக்குந்தஸ் தம் அடிமையொருவனால் கொல்லப்பட்டபோது, அவ்வீட்டிலிருந்த 400 அடிமைகளையும் கொல்லுமாறு செனெற் சபை தீர்ப்பளித்தது. பொதுமக்கள் கிளர்ந்தெழுந்தனர், வழிநெடுகப் படைவீரர் நிறுத்தப்பட்டே தண்டனை நிறைவேற்றப்பட்டது. இந்நிகழ்ச்சியை விரித்துரைக்கும் தசித்தஸ், அரசவையில் அப்போது செல்வாக்குடனிருந்த செனெகாவின் கண்டனக் குரலெதனையும் குறிப்பிடவில்லை. ஓய்வு பெற்றபின் எழுதிய கடிதங்களுள் 47ஆவதில் அடிமைகளை மனிதராக நடத்துமாறு செனெகா வேண்டுகிறார். அவ்வேண்டுகோள் எசமானரின் நடத்தையைத் திருத்த முயல்கிறது. எசமான் என்ற நிலையைக் கேள்விக்குட்படுத்தவில்லை.

எபிக்ரெற்றஸ் இதற்கு மறுதுருவத்தில் நின்றவர். பிரிகியாவில் தோன்றிய அவர் அடிமையாக வாழ்ந்தவர், கால் ஊனமுற்றவர். அவருடைய எசமானான எப்பாப்புரோதித்தசும் விடுதலை பெற்ற அடிமையே. நம் வசமுள்ளவை, நம் வசமில்லாதவை எனப் பொருள்கள் யாவற்றையும் எபிக்ரெற்றஸ் இரண்டாகப் பகுத்தார். உடல், உடைமை, பதவி ஆகியன நம் வசமில்லாதவை. தீர்ப்பும் விருப்பும் மட்டுமே நம்முடையவை. உடலும் உழைப்பும் பிறருக்கு உரிமையாயிருந்த ஒருவரின் வாயில் இக்கூற்று வெறும் தத்துவமாகாது. அவர் பட்டறிந்த உண்மையின் சாரம் அது. ஆனால் நிக்கோப்பொலிசில் அவர் நடத்திய பள்ளியில் பயின்றோருட் பலர் உயர்குடி இளைஞராவர். அவருடைய உரைகளைப் பதிவுசெய்த ஆரியன் பின்னர் கப்பதோக்கியாவின் ஆளுநரானார். அடிமையின் அனுபவத்திற் பிறந்த அறிவு ஆளும் வர்க்கத்தாரின் மனப்பயிற்சியாக மாறிய விந்தை இது.

எபிக்ரெற்றசைப் போற்றிப் பயின்றோருள் ஒருவர் மார்க்கஸ் ஒறேலியஸ். 161 முதல் 180 வரை ஆட்சிபுரிந்த அவர், தன்யூப் எல்லைப் போர்களின்போது தமக்குத் தாமே எழுதிக்கொண்ட குறிப்புகள் 12 நூல்களாக எஞ்சியுள்ளன. ஒதுங்குவதற்கு மலையும் கடற்கரையும் வேண்டியதில்லை, உள்ளமே போதும் என்பது அவர் கருத்து. சர்மாத்தியரைப் பிடிப்பதிற் பெருமைகொள்பவன் கள்வனின் வேறானவனோ என்றும் ஓரிடத்தில் அவர் வினவுகிறார். அதே மன்னர் 175 இல் சர்மாத்தியரை வென்றவர் என்ற பட்டத்தை ஏற்றார். அவருடைய நேர்மையை ஐயுறவேண்டியதில்லை. செயலின் தன்மையை உணர்ந்த அகம், அச்செயலை மாற்றாமலே அமைதி காண இயன்றது என்பதே மனங்கொள்ளத்தக்கது. ஸ்ரோயிக்கரின் சுதந்திரம் அரியணையிலும் விலங்கிலும் ஒன்றுபோலவே இருக்கக்கூடிய, எண்ணத்தளவிலான சுதந்திரம் என 1807 இல் ஹெகல் காட்டியமை இங்கு நினைவுகூரத்தக்கது.

எனினும் ஸ்ரோயிக்கவாதத்தை ஆளும் வர்க்கக் கருத்துநிலை என்று கூறி ஒதுக்கிவிடுதல் இயந்திரப் பாங்கான முடிபாகும். கி.மு. 133 இல் நிலச் சீர்திருத்தத்திற்காகப் போராடிய திபேரியஸ் கிராக்கசின் நண்பர் புளொசியஸ் என்ற ஸ்ரோயிக்கர். கிராக்கஸ் கொல்லப்பட்டபின் அவர் ஆசியா சென்று, வறியோரையும் அடிமைகளையும் திரட்டிய அரிஸ்ரோனிக்கசின் கிளர்ச்சியில் இணைந்தார். அது முறியடிக்கப்பட்டபோது உயிர்நீத்தார். அக்கிளர்ச்சியின் இலட்சியங்களில் அவருக்கிருந்த பங்கு பற்றி ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. ஆயினும் அஞ்சாமைப் பயிற்சி எந்த அணியிலும் நின்று தொழிற்படலாம் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.

ஆகவே, சிக்கல் தன்னாள்கையில் இல்லை. அதைத் தனிமனிதனுடன் நிறுத்திவிடுவதிலேயே உள்ளது. நம் வசமுள்ளது எது என்ற வினாவைத் தனியொரு அடிமை எழுப்பின், எபிக்ரெற்றசின் விடையே பெரும்பாலும் கிடைக்கும். அதே வினாவைப் பல்லாயிரம் அடிமைகள் கூடி எழுப்பியபோது ஸ்பார்த்தக்கசின் எழுச்சி தோன்றியது. கி.மு. 71 இல் அது தோற்று, 6,000 பேர் அப்பிய வீதியோரம் சிலுவையில் அறையப்பட்டனர் என்பதும் உண்மையே. ஆனால் மனிதர் வசப்படுவனவற்றின் எல்லை நிலையானதன்று, கூட்டுச் செயலால் நகரக்கூடியது என்பதைப் பின்வந்த நூற்றாண்டுகளின் விடுதலைப் போராட்டங்கள் உணர்த்தின.

ஸ்ரோயிக் சிந்தனை இன்று முகாமையாளருக்கும் ஊழியருக்குமான வெற்றி நூல்களாக மீண்டும் விற்பனைக்கு வந்துள்ளது. வேலைச்சுமையையும் ஊதியக் குறைவையும் 'நம் வசமில்லாதவை' என்ற பட்டியலிற் சேர்க்க அது கற்பிக்குமாயின், அங்கே செனெகாவின் மௌனமே தொடர்கிறது. முற்போக்காளர்க்கும் தன்னடக்கமும் தன்விசாரணையும் இன்றியமையாதன. அவ்விசாரணையில் இரவுதோறும் கேட்கப்படவேண்டிய வினாக்களுள், பிறரோடு சேர்ந்து மாற்றக்கூடிய எதனை நான் இன்று விதியென்று ஏற்றுக்கொண்டேன் என்பதும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.