தூண் வரிசைகளும் தொடக்ககால ஒளிப்படங்களும்

பம்பாய் நகர மண்டபம் 1833இல் கட்டி முடிக்கப்பட்டது. தாமஸ் கௌபர் என்னும் பொறியாளர் வடிவமைத்த இக்கட்டடத்தின் முகப்பில் கிரேக்க டோரிக் முறைத் தூண்கள் நிற்கின்றன. கிரேக்க, உரோமானிய மரபைப் பின்பற்றிய புதுச்செவ்வியல் கட்டடக்கலையில் ஒரு வரிசைத் தூண்கள் அனைத்தும் ஒரே அளவின, ஒரே வடிவின. ஒரு தூணை நன்கு அறிந்தவர் அவ்வரிசை முழுவதையும் அறிந்தவராவார். ஆகவே, இத்தகைய கூடத்தின் நடுவே நின்று இருபுறமும் ஒத்திருக்குமாறு படமெடுப்பவர் இழப்பது சிறிதே. இதே பார்வை தமிழகத்து மண்டபங்களின்மீது செலுத்தப்பட்டபோது இழப்பு பெரிதாயிற்று.

ஒளிப்படச் சங்கங்கள் பம்பாயில் 1854இலும் சென்னையில் 1856இலும் தோன்றின. 1856இல் லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி சென்னை அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1858இன் தொடக்கத்தில் மதுரையில் அவர் எடுத்த படங்களுக்கு மெழுகூட்டிய தாளே எதிர்ப்படிவமாயிற்று. தாள் ஒளியை மெல்லவே ஏற்கும். நடமாடுவோர் அதில் பதிவதில்லை. அப்படங்களில் மண்டபங்கள் ஆளின்றிக் காணப்படுவதைக் கொண்டு அவை கைவிடப்பட்டுக் கிடந்தன எனக் கொள்வது பிழையாகும்.

புதுமண்டபத்தின் தென்புற நடைவழியை மேற்கு முகப்பிலிருந்து காட்டும் படம் ஈண்டு நோக்கத்தக்கது. தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துச் சென்று தொலைவில் ஒடுங்குகின்றன. காண்போர் உள்ளத்தில் நிற்பது வரிசையே, தனித்தூண் அன்று. ஆனால், திருமலை நாயக்கர் (1623–1659) எழுப்பிய இம்மண்டபத்தின் 124 தூண்கள் ஓர் அச்சில் வார்த்தவை அல்ல. நடுவழித் தூண்களில் நாயக்க மன்னர் பதின்மரின் உருவங்கள் உள்ளன. பிற தூண்களில் தெய்வ வடிவங்களும் யாளிகளும் வேறுவேறாக அமைந்துள்ளன. யாப்பில் ஒரே வாய்பாட்டுச் சீர்கள் தொடர்ந்து வரினும் சொற்கள் வேறாதல் போன்றது இது. படம் வாய்பாட்டைக் காட்டிச் சொல்லை விட்டுவிட்டது எனலாம்.

இக்குறையை டிரைப்பின் இயலாமையாகக் கருதுவதற்கில்லை. அதே ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் முற்றிலும் வேறு முறையைக் கையாண்டார். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை நடுவில் நின்று ஒரே படமாக எடுக்க இயலாது. எடுத்தாலும் எழுத்துகள் படிக்கும் அளவில் அமையா. எனவே, சுவரை ஒட்டிப் படப்பெட்டியைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்து, 21 படிகளை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். இங்கு இருபுற ஒப்புமைக்கு இடமேயில்லை. ஒரே எழுத்து நூறு முறை வந்தாலும் ஒவ்வொன்றும் வாசகத்திற்கு வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். எழுத்துக்குக் காட்டிய இப்பொறுமை சிற்பத்திற்குக் கிடைக்கவில்லை.

ஹுல்ட்ஷ் தஞ்சைக் கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் வெளியிடத் தொடங்கியது 1891இல். டிரைப்பின் சுருள் அதற்கு 33 ஆண்டுகள் முற்பட்டது. மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையோ நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்த காலத்தில் (1866–1872) பழுதுபார்க்கப்பட்டது. அதற்கு முந்தைய நிலையை அறிய டிரைப்பின் படங்கள் முதன்மைச் சான்றுகளாகும். ஆயினும், வரிசையில் ஒரு தூண் தெளிவாகத் தெரிவதைக் கொண்டு அடுத்த தூணும் அவ்வாறே இருந்தது என முடிவு செய்தல் பம்பாய் நகர மண்டபத்திற்குப் பொருந்தும், மதுரைக்குப் பொருந்தாது.