பாடியவரும் படைத்தவரும்: ஊவாத் தோட்டப் பாடல்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பாடலொன்றின் பெருமை அதனை ஆக்கியவருக்கு உரியதா, பாடியவருக்கு உரியதா என்னும் வினா இசைத்தட்டோடும் திரைப்படத்தோடும் பிறந்த ஒன்றெனவே பலரும் கருதுவர். அவ்வாறு கருதுவதற்குக் காரணமும் உண்டு. வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்துத் திரைப்பாடலின் முதல் உரிமையாளர் படத் தயாரிப்பாளரே என 1977 ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்போடு தனிக்குறிப்பு ஒன்றை எழுதிய நீதியரசர் கிருஷ்ண ஐயர், இசையமைப்பவருக்கு உரிமை வழங்கிய சட்டம் பாடகருக்கு ஏதும் வழங்காமை குறித்து வருந்தினார். 1994 ஆம் ஆண்டுத் திருத்தமே பாடகரின் உரிமையை ஏற்றது. 2012 ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர் ஆகியோருக்கு வருவாயிலும் பங்கு தந்தது. எனினும் சிக்கல் ஓயவில்லை. தம் பாடல்களை மேடையில் பாடுவது குறித்து 2017 ஆம் ஆண்டு இளையராஜா சார்பில் எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்குச் சட்ட அறிவித்தல் அனுப்பப்பட்டமை யாவரும் அறிந்ததே.

இவ்வழக்குகள் அனைத்துக்கும் பொதுவான இயல்பொன்று உண்டு. உரிமை கோருவோர் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. படைத்தவருக்கும் பெயரில்லை, பாடியவருக்கும் பெயரில்லை என்னும் நிலையில் பாடலின் பெருமை எங்குச் சென்று சேரும்? இலங்கையின் மலையகம், சிறப்பாக ஊவா மாகாணத்துத் தோட்டங்கள், இவ்வினாவையே நம்முன் வைக்கின்றன.

பதுளை மாவட்டத்தில், பெரகலையிலிருந்து வெல்லவாயாவுக்கு இறங்கும் வீதியில், தியலும நீர்வீழ்ச்சிக்கு அண்மையில் அமைந்தது கொஸ்லந்த. அதனைச் சூழ்ந்த தோட்டங்களின் தமிழ் மக்கள், திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து கங்காணிமாரால் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்கும் அழைத்துவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள். பெட்டகமும் ஏடும் சுமந்து வந்தவர் அவருள் மிகச் சிலரே. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் கூத்தும் நினைவிலேயே வந்து சேர்ந்தன. விடியலில் பெரட்டுத் தப்பு ஒலித்ததும் மலையேறி, அந்தியில் லயத்துக்குத் திரும்பிய வாழ்க்கையில் அப்பழைய மெட்டுக்கள் புதிய பொருளைப் பெற்றன. கங்காணியும் கண்டாக்கும் துரையும் பாட்டினுள் நுழைந்தனர். கோப்பிப் பழமும் தேயிலைக் கொழுந்தும் உவமைகளாயின.

இம்மாற்றத்தைச் செய்தவர் யார் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. ஒப்பாரியை எடுத்துக்கொள்வோம். அதன் மெட்டு பழையது; விளிக்கும் முறையும் பழையது. ஆயினும் இறந்தவரின் பெயர், உறவு, அவர் பட்ட துன்பம், அவரால் அடைக்க இயலாது போன கடன் ஆகியன அன்றைய நாளுக்கே உரியவை. இழவு வீட்டில் அமர்ந்த பெண் அவற்றை அக்கணத்திலேயே கட்டிப் பாடுகிறாள். பாடுதலும் படைத்தலும் அங்கு இரு தொழில்களல்ல. யூகோசிலாவியப் பாணர்களிடையே மில்மன் பரியும் அல்பேர்ட் லோர்டும் கண்ட வாய்மொழி மரபின் இவ்வியல்பைப் பண்டைத் தமிழ்ப் பாடல்களோடு பொருத்திப் பேராசிரியர் க. கைலாசபதி 1968 இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்தார். பாணரைப் பற்றி அவர் கூறியவற்றுட் பல, தோட்டத்து ஒப்பாரிக்காரிக்கும் பொருந்துவனவே.

மாசி மாதத்துக் காமன் கூத்திலும் இதனைக் காணலாம். காமன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என மறு கட்சியும் வாதிடும் லாவணி, முன்னோர் விட்டுச் சென்ற பாடல்களை மட்டும் ஒப்புவிப்பதன்று. எதிர்க்கட்சியின் வினாவுக்கு அக்கணமே விடை கட்ட இயலாதவர் தோற்றவராவார்.

அச்சு இந்நிலையை மாற்றியது. தோட்டத் தொழிலாளரிடையே தொழிற்சங்க இயக்கத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை, மக்கள் முன்னரே அறிந்திருந்த மெட்டுக்களில் பாடல்கள் இயற்றிக் கூட்டங்களிற் பாடினார். 1940 ஆம் ஆண்டு அவருடைய பாடல்கள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் பெயரில் நூலாயின. அவர் எழுதினார், பாடினார், பெயரும் நிலைத்தது. அவர் கையாண்ட மெட்டுக்களுட் பலவற்றை முதலிற் படைத்தோர் பெயரோ மறைந்துபோயிற்று.

பின்னர்த் தொகுப்பாளர் வந்தனர். சி. வி. வேலுப்பிள்ளை 1983 இல் வெளியிட்ட ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ அவ்வகையில் ஒரு மைல்கல். அவர் அன்று திரட்டியிராவிடின் பல பாடல்கள் மறைந்தேயிருக்கும். அவ்வுழைப்புக்கு மலையகம் கடமைப்பட்டுள்ளது. ஆயினும் நாட்டார் பாடற் பதிப்புக்களின் பொதுவான வழக்கம் ஒன்றினைச் சுட்டாதிருக்க இயலாது. அட்டையில் தொகுத்தவர் பெயர் நிற்கிறது. பாடிக்கொடுத்தவர் ‘மக்கள்’ என்னும் ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறார்.

‘மக்கள்’ என்பது உயர்ந்த சொல்லே. பாட்டின் வார்ப்பு எல்லோருக்கும் பொதுவென்பதும் உண்மையே. அதனால், பாடிய பெண்ணைத் தனியுரிமையாளராக்குவது மரபுக்கு மாறானது எனச் சிலர் வாதிடுவர். இவ்வாதம் பாதியளவே பொருந்தும். வார்ப்பு பொது, அதில் அன்று வார்த்தது அவளுடையது. நூறு பேர் அறிந்த மெட்டில் ஒருத்தி கட்டிய அடி ஊரின் நினைவில் நிற்குமாயின், அது அவள் திறமையேயன்றி மெட்டின் திறமை மட்டுமன்று.

சட்டமும் இவ்விரு பகுதிகளையும் பிரித்தே நோக்குகிறது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்பளிக்கிறது. அவற்றின் பயன்பாட்டுக்காகப் பெறப்படும் பணம் பண்பாட்டு வளர்ச்சிக்குச் செலவிடப்பட வேண்டும் என்கிறது. அதே சட்டம், தம் பாடலைப் பதிவு செய்ய இசையும் அல்லது மறுக்கும் உரிமையைப் பாடுவோருக்கும் தருகிறது. ஆனால் பெயர் குறிக்கப்படாத ஒருவர் எவ்வுரிமையைக் கோரமுடியும்?

இது வெறும் ஏட்டு வினாவன்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, கொஸ்லந்தையின் மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலர் மண்ணுள் மாண்டனர். வாய்மொழி மரபில் வாழும் ஓர் ஊரில் முதியோர் மறையும்போது அவரோடு மறைவன எவை என்பதை எப்பட்டியலும் காட்டாது. எழுதப்பட்ட பாடலுக்கு ஆக்கியோன் இறந்தபின்னும் வாழ்வுண்டு. எழுதப்படாத பாடலுக்குப் பாடுவோரின் மூச்சே ஏடு.

எனவே ஊவாத் தோட்டப் பாடல்களைப் பொறுத்தவரை, முதற் பெருமை பாடியவருக்கே உரியது. அவரே அங்குப் படைத்தவருமாதலின். தமிழ் மரபில் இதற்கு முன்னோடி இல்லாமலில்லை. குறுந்தொகையைத் தொகுத்த காலத்தில் சில புலவர்களின் இயற்பெயர் தெரியாதிருந்தது. அவர்களைப் பெயரற்றோராக விட மனமின்றி, அவரவர் பாட்டின் தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடுமுன்றிலார் என்றும் வழங்கினர். இன்று ஒலிப்பதிவுக் கருவியோடு லயத்துக்குச் செல்லும் மாணவருக்கு அத்துணை இடர்ப்பாடும் இல்லை. பாடுபவர் எதிரே அமர்ந்திருக்கிறார். அவர் இசைவைக் கேட்டு, பெயர், தோட்டம், பாடிய நாள், பாட்டை யாரிடம் கற்றார் என்னும் நான்கு விவரங்களைப் பாட்டோடு சேர்த்து எழுதினாற் போதும். அடுத்த தலைமுறை அப்பாடலின் உரிமையாளரைத் தேடி அலைய வேண்டியிராது.