குரோமா கீ

ஒரே நிறத் திரைக்கு, பெரும்பாலும் பச்சைத் திரைக்கு, முன்னால் படமெடுத்து, அந்த நிறத்தை மட்டும் நீக்கி, வேறொரு காட்சியைப் பின்னணியாகப் பொருத்தும் முறை. தொலைக்காட்சியின் வானிலை அறிக்கையில் நாம் அன்றாடம் காண்பது இதைத்தான். இதன் தரம் எடிட்டிங் அறையில் அல்ல, படப்பிடிப்புத் தளத்திலேயே பெரிதும் முடிவாகிவிடுகிறது. காரணம், கேமரா பதியும் நிறத் தகவலின் அளவு. 1920×1080 படத்தை 4:2:0 முறையில் பதிந்தால் ஒளிர்வு முழுமையாக இருக்கும். நிறமோ 960×540 புள்ளிகளாகச் சுருங்கிவிடும். நெற்றியோரம் பறக்கும் ஒற்றை முடியைவிட நிறப்புள்ளி தடித்துவிடுவதால், அங்கே பச்சைப் பிசிறு தங்குகிறது. 4:2:2 பதிவில் நிறத்தின் செங்குத்து அளவு 1080 ஆகவே நிற்பதால் விளிம்பு தெளிகிறது.

இன்றைய மென்பொருள் எதையும் சரிசெய்துவிடும் என்பார்கள். திரையிலிருந்து ஆளின் மீது படியும் பச்சைக் கசிவை அது குறைக்கும், உண்மைதான். ஆனால் பதிவாகாத நிறத்தை ஊகிக்கத்தான் முடியும். அந்த ஊகம் பிரேமுக்குப் பிரேம் மாறும்போது விளிம்பு துடிக்கும். எனவே திரைக்கும் ஆளுக்கும் தனித்தனி விளக்கு, தோளில் பச்சை ஒளி தெறிக்காத இடைவெளி, சுருக்கமில்லாத துணி ஆகிய மூன்றும் விலையுயர்ந்த மென்பொருளுக்கு முன்பே தேவை. பச்சையே எப்போதும் சிறந்தது என்பதும் சரியல்ல. பெரும்பாலான கேமரா சென்சார்களில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு உரியவை. அதனால் அந்நிறத்தில் இரைச்சல் குறைவு. ஆனால் நடிகை பச்சைப் புடவையில் நின்றால் நீலத் திரையே பொருந்தும்.