சரளைக் குழியும் சாலை வரைபடமும்: நாகரசம்பட்டிப் பிரதேசத்தில் சாலைப்பொருள் ஆராய்ச்சியின் சரித்திரம்

ஒரு சாலையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அது எந்த ஊரை எந்த ஊரோடு இணைத்தது, எவருடைய ஆட்சியில் இடப்பட்டது, எந்த வாணிகத்தை வளர்த்தது என்பவற்றையே ஆராய்கின்றனர். அச்சாலைக்கு உடலாக அமைந்த ஜல்லியும் சரளையும் மணலும் எந்தக் குழியிலிருந்து வந்தன, அக்குழியை எவ்விதம் கண்டு வரைபடத்தில் குறித்தனர், அங்கே கிடைத்த பொருள் பாரம் தாங்கும் தகுதியுடையதா என்பதை எம்முறையால் நிர்ணயித்தனர் என்னும் விஷயங்கள் இலாகாக் கோப்புகளோடு நின்றுவிடுகின்றன. காவேரிப்பட்டினத்துக்கும் போச்சம்பள்ளிக்கும் இடையே அமைந்த நாகரசம்பட்டியையும், அதைச் சூழ்ந்த கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பிரதேசத்தையும் இவ்வாராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருவழியும், சேலத்திலிருந்து வடக்கே ஏறும் பெருவழியும், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை, ஊத்தங்கரை வழியாக வருவதும் கிருஷ்ணகிரியில் ஒன்று கூடுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருப்பத்தூரிலிருந்து அந்நகருக்கு இடப்பட்ட குறுகிய ரயில்பாதையும் பின்னர் எடுக்கப்பட்டுவிட்டமையால், கல்லாயினும் மணலாயினும் இங்கே அனைத்தும் சாலைமீதே சென்றாக வேண்டியதாயிற்று. இப்பிரதேசத்தின் குழிகளை முதலில் வரைபடத்தில் ஏற்றியது தூரக்கணக்கு. தரக்கணக்கு வெகுகாலத்துக்குப் பின் வந்தது. எடுத்தது மீண்டும் நிரம்புமா என்னும் கணக்கோ நம் காலத்தில்தான் கேட்கப்படலாயிற்று. இவை இந்த வரிசையில் வந்ததன் விளைவைத் தென்பெண்ணை ஆறு இன்றும் சுமக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

நிலத்தின் அமைப்பை முதலில் சொல்ல வேண்டும். இங்குள்ள அடிப்பாறை மிகப் பழமையான நைஸ் என்னும் வரிப்பாறை. அதன் ஊடே கறுத்த டோலரைட் பாறைகள் நீண்ட சுவர்களைப் போல் பல மைல் தூரம் ஓடுகின்றன. தெற்கே தருமபுரி நோக்கிச் செல்லச் செல்ல நைஸ் படிப்படியாகச் சார்னோகைட்டாக மாறுகிறது. ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைக் கொண்டு 1893-இல் தாமஸ் ஹாலந்து பெயரிட்ட பாறை அது. அம்மாற்றம் எவ்விதம் நிகழ்கிறது என்பதைக் கன்னட நாட்டு எல்லைக்கு அப்பால் கப்பல்துர்கத்துக் கல் குவாரி ஒன்றில் கண்டு சி. எஸ். பிச்சமுத்து 1960-இல் உலகுக்கு அறிவித்தார். நைஸ் பாறை வெயிலிலும் மழையிலும் சிதையும்போது அதிலுள்ள ஃபெல்ஸ்பார் களிமண்ணாகிறது. அபிரகம் செதிள் செதிளாகப் பிரிகிறது. வெங்கச்சங்கல் மட்டும் பருக்கையாக நிற்கிறது. இம்மூன்றின் கலவையே இவ்வூர் மேட்டு நிலங்களில் இரண்டடி மண்ணை நீக்கியதும் தென்படும் சரளை. கிராவல் என்று ஒப்பந்தக்காரர்களும் மொரம் என்று பொறியியல் நூல்களும் குறிப்பது இதனையே. சென்னையை அடுத்த பல்லாவரத்துச் செம்புறைக்கல் சரளையினின்றும் இது பிறப்பிலேயே வேறானது. ஒரே குழியில் பத்தடி தள்ளித் தோண்டினால் களியின் அளவு மாறிவிடும் இயல்பு இதற்கு உண்டு. பின்னால் வந்த பரிசோதனைச் சிக்கல்கள் அனைத்துக்கும் வேர் இவ்வியல்பிலேயே இருக்கிறது.

1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இப்பிரதேசத்தை உள்ளடக்கிய பாராமகால் ஆங்கிலக் கம்பெனியாரின் கைக்கு வந்ததும், காப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோ முதலானவர்களும் நிலத்தை அளந்து வரி நிர்ணயம் செய்யத் தொடங்கினர். அவர்கள் நாடியது விளைச்சலின் மதிப்பு; வரி தராத சரளை மேடு அளவைக்கோலுக்குப் புறம்பாயிற்று. 1802-இல் சென்னைக்கு அருகே லாம்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து விரிந்த முக்கோண அளவை குன்றுகளின் நிலையையும் உயரத்தையும் வியக்கத்தக்க துல்லியத்துடன் நிறுவியதாயினும், அக்குன்று எக்கல்லால் ஆனது என்ற கேள்வி அதன் வரம்பில் இல்லை. 1851-இல் அமைந்த இந்தியப் புவியியல் ஆய்வு இலாகாவின் சார்பில் வில்லியம் கிங்கும் இராபர்ட் புரூஸ் ஃபுட்டும் திருச்சிராப்பள்ளி, சேலம், தென்னார்க்காடு ஜில்லாக்களின் பகுதிகளைப் பற்றி 1864-இல் வெளியிட்ட நூலே நம் பக்கத்துப் பாறைகளை ஒழுங்காகப் பேசிய ஆதி ஆதாரங்களுள் ஒன்று.

இதே ஃபுட் 1863 மே 30-இல் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியருகே கிடந்த கல்லை எடுத்து நோக்கி, அது ஆதிமனிதன் செதுக்கிய கருவி என உணர்ந்தார். இந்தியப் பழைய கற்கால ஆராய்ச்சி அங்கே பிறந்தது. இச்சம்பவத்தை இங்கே கூறுவது அலங்காரத்துக்காக அன்று. நிலத்தின் குறுக்கு வெட்டை ஊரார் கண்ணுக்குக் காட்டும் இடம் குழி ஒன்றே. அதனைத் திறப்பவன் சாலைக்காகத் திறந்தாலும், அதில் வெளிப்படும் அறிவு சாலைக்கு மட்டும் உரியது அன்று. ஆகையால் குழியை மூடுவதற்கு முன் அதைப் பார்த்துப் பதிவு செய்வது ஒரு கடமை என்று நான் கருதுகிறேன்.

சாலையமைப்பில் அக்காலத்து வேதவாக்காக விளங்கியது ஸ்காத்லாந்து நாட்டு மெக்காடம் வகுத்த முறை: ஆறு அவுன்ஸுக்கு மேற்படாத உடைகல்லை அடுக்கி, வண்டிகளின் ஓட்டத்தாலேயே அது இறுகும்படி விடுவது. நம் நாட்டில் கப்பி ரோடு என்று வழங்கியது இதன் வழித்தோன்றல். உருளையிட்டு, நீர் தெளித்து, மேலே சரளையைப் பரப்பிப் பிணைப்பது இங்கே ஏற்பட்ட திருத்தம். 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சாலை வரியும், 1871, 1884-ஆம் ஆண்டுச் சட்டங்களால் உள்ளூர் நிதியும் ஜில்லா, தாலுகா போர்டுகளும் ஏற்படவே, கிராமத்துச் சாலைகளுக்கும் கல் தேட வேண்டியதாயிற்று. இதற்கு இடையே 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் வந்தது. சேலம் ஜில்லா அதில் மிகக் கொடிய சேதத்தை அடைந்தது. நிவாரண வேலை என்று அரசினர் தந்தவற்றில் முக்கியமானது ஜல்லி உடைத்தல்; எலும்பும் தோலுமாக வந்து உட்கார்ந்த ஆண்களும் பெண்களும் சுத்தியலால் அடித்துக் குவித்த கல், அளவுப் பெட்டியிட்டு அளக்கப்பட்டு, அந்த அளவுக்கே கூலி கணக்கிடப்பட்டது. சாலைப்பொருளின் சரித்திரத்தில் அளவை என்பது முதன்முதலாகக் கடுமையுடன் புகுந்தது கல்லின் வன்மையை அறிவதற்காக அன்று, பசித்தவனின் உழைப்பை எண்ணுவதற்காக என்பது என் நெஞ்சை விட்டு அகலாத செய்தி.

குவாரிப் படம் என்பது இக்காலத்தை ஒட்டிப் பிறந்த ஆவணம். அதில் சாலை நேர்கோடாக வரையப்படும். மைல்கல் எண்கள் வரிசையாகக் குறிக்கப்படும். கோட்டின் இருபுறமும் குழிகளும் கல் குவாரிகளும் கிளைக்கோடுகளின் முனையில் நிற்கும். ஒவ்வொரு கிளையின் மேலும் தூரம் எழுதப்பட்டிருக்கும். இரண்டு குவாரிகளுக்கு நடுவே எந்த இடத்தில் இரண்டின் வண்டிச் செலவும் சமமாகிறதோ, அந்த இடத்தோடு ஒன்றின் ஆட்சி முடிந்து மற்றொன்றின் ஆட்சி தொடங்கும். லீடு என்று இன்றும் ஒப்பந்தக்காரர்களின் வாயில் வழங்கும் சொல் இந்தக் கொண்டுசெல் தூரத்தையே குறிக்கிறது. கல்லைவிட அதைச் சுமக்கும் கூலி அதிகமாதலின் இப்படம் பொருளாதார நியாயம் உடையதே. ஆயினும் அதிலே குழியின் பெயர் உண்டு, தூரம் உண்டு, உத்தேச இருப்பும் சில வேளைகளில் உண்டு. பொருளின் குணத்துக்கோ நல்லது, மட்டம் என்னும் ஓவர்சியரின் சொல்லே சாட்சி.

அச்சொல்லும் இகழத்தக்கது அன்று. சரளையைக் கையில் அள்ளி, நீர் விட்டுப் பிசைந்து, கயிறாகத் திரித்துப் பார்க்கும் மேஸ்திரி, களி மிகுந்தால் அது நீண்டு திரியும், குறைந்தால் உதிரும் என்பதை அறிந்திருந்தான். சுவீடன் நாட்டு ஆல்பர்ட் ஆட்டர்பர்க் 1911-இல் எண்ணுக்கு உட்படுத்தியது இந்த அனுபவத்தையே. 425 மைக்ரான் சல்லடையில் இறங்கிய மண்ணை மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள நூலாகத் திரிக்கும்போது எந்த ஈரத்தில் அது விரிசல் விட்டு உடைகிறதோ அது நெகிழ் எல்லை. பித்தளைக் கிண்ணத்தில் பரப்பி நடுவே கீறிய பள்ளம் இருபத்தைந்து தட்டில் மூடும் ஈரம் நீர்ம எல்லை. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை நெகிழ்வெண். சாலையின் அடித்தளத்துக்கு இடும் சரளையில் நீர்ம எல்லை 25-க்கும் நெகிழ்வெண் 6-க்கும் மிகாதிருக்க வேண்டும் என்பது இன்றைய மத்திய சாலை அமைச்சகத்தின் விதி. நம் மேட்டுச் சரளை பல இடங்களில் தோற்பது இந்த வாயிலில்தான். கோடையில் கல்லாக நின்ற சாலை ஐப்பசி மழையில் குழையும் காரணமும் இதுவே. ஆற்று மணலையோ கல்தூளையோ கலந்து களியின் ஆதிக்கத்தைக் குறைப்பது இதற்குப் பரிகாரம்.

இந்தியாவில் இப்பரிசோதனைகள் ஸ்தாபன ரூபம் பெற்றது படிப்படியாகவே. 1927-இல் அமைந்த ஜெயகர் குழுவின் யோசனைகளைத் தொடர்ந்து 1929-இல் மத்திய சாலை நிதியும், 1934 டிசம்பரில் இந்தியச் சாலைக் காங்கிரஸும் தோன்றின. சென்னை ராஜதானியில் நெடுஞ்சாலைத் துறை 1946-இல் தனித்து நின்றது. டில்லியில் மத்திய சாலை ஆராய்ச்சி நிலையம் 1952-இல் திறக்கப்பட்டது. கிண்டியில் நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம் 1950-களின் பிற்பகுதியில் வளர்ந்தது. கற்களைச் சோதிக்கும் முறைகளை வகுத்த இந்தியத் தர நிர்ணயம் 2386 வெளியானது 1963-இல். அதன்படி மோதல் சோதனையில், 12.5 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கி 10-இல் தங்கிய ஜல்லியின் மேல் ஏறத்தாழ 14 கிலோ எடையுள்ள சம்மட்டி 380 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து பதினைந்து முறை விழும்; நொறுங்கி 2.36 மில்லிமீட்டரில் இறங்கும் தூளின் சதவீதமே கல்லின் மோதல் எண். லாஸ் ஏஞ்சல்ஸ் உருளையிலோ ஐந்து கிலோ கல்லும் எஃகுக் குண்டுகளும் ஐந்நூறு சுற்று ஒன்றோடொன்று உராய்கின்றன. அவ்வுருளை சுழலும் அறையில் பேசுவது கேளாது. கால்மணி நேரத்துக்குப் பின் மூடியைத் திறக்கும்போது, மூலைமுனையோடு உள்ளே சென்ற கல் உருண்டையாக, மேலெல்லாம் வெண்தூள் படிந்து வெளிவரும்.

இந்த எண்கள் நம் பிரதேசத்தின் வரைபடத்துக்குப் புதிய பொருள் தந்தன. அபிரகம் மிகுந்த நைஸ் பாறை அடுக்கடுக்காக உடைந்து தட்டையான சில்லுகளைத் தருகிறது. தட்டைக்கல் சாலை உருளையின் பாரத்தில் முறியும். கறுத்த டோலரைட்டோ கனசதுரமாக உடைவதோடு மோதலையும் நன்கு தாங்குகிறது. வெங்கச்சங்கல் மிகுந்த கல்லைக் காட்டிலும் தாரை உறுதியாகப் பற்றிக்கொள்கிறது. தாருக்கும் கல்லுக்கும் இடையே மழைநீர் புகுந்து தாரை உரித்துவிடுவதே பல சாலைகளின் மரணமாதலின், இக்குணம் சாமானியமானது அன்று. ஆனால் அதே டோலரைட் கறுப்பு கிரானைட் என்று மெருகேறி வெளிநாடு செல்லும் விலையுயர்ந்த பொருளும் ஆயிற்று. ஏற்றுமதிக்கு ஆகாத துண்டுகளும் ஓரக் கழிவுகளும் ஜல்லியாகச் சாலைக்கு வருவது இதனால் விளைந்த நன்மை. கழிவுக் குவியல்களையும் குவாரிகளாகவே கருதிக் குறிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

தரம் ஏன் இவ்வளவு அவசியமாயிற்று? 1971-இல் சிப்காட் என்னும் மாநிலத் தொழில் வளர்ச்சி நிறுவனம் ஏற்பட்டு, ஓசூரில் தொழிற்பேட்டைகள் பெருகி, கனரக லாரிகள் இரவும் பகலும் இவ்வழியே ஓடத் தொடங்கின. அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை நடந்த பெரும் சாலைச் சோதனை, அச்சுப் பாரம் இருமடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழப் பதினாறு மடங்காகும் என்பதைக் காட்டியது. மாட்டு வண்டிக்கு நல்லது என்று ஓவர்சியர் எழுதிய சரளை இந்தக் கணக்கின் முன் நிற்காது. தூரத்தால் மட்டும் குவாரியைத் தேர்ந்த வழக்கம் இங்கே முறிந்தது. நல்ல கல்லுக்காக அதிக லீடு கொடுப்பது சிக்கனம் என்னும் ஞானம் பிறந்தது.

மணலின் சரித்திரம் இதனினும் துயரமானது. 1957-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் சரளையையும் சாதாரண மணலையும் சிறுகனிமம் என வகைப்படுத்தி மாநில அரசிடம் விட்டது. 1959-இல் தமிழ்நாட்டுச் சிறுகனிமச் சலுகை விதிகள் வந்தன. ஏறத்தாழ அதே வருஷங்களில் காவேரிப்பட்டினத்துக்கு மேலே கிருஷ்ணகிரி அணை எழுந்தது. நந்தி மலையிலிருந்து வரும் தென்பெண்ணை கொணரும் மணல் அணைக்குள் தங்கிவிடுமாதலின், அதற்குக் கீழே காவேரிப்பட்டினத்திலிருந்து, பாரூர் ஏரிக்கு நீர் தரும் நெடுங்கல் அணைக்கட்டு வரையுள்ள ஆற்றில் கிடப்பது பெரும்பாலும் பழைய முதல்; சிற்றோடைகள் தரும் சொற்ப வட்டியே ஆண்டுதோறும் சேர்வது. சட்டமும் அணையும் ஒருங்கே தோன்றிய அக்காலத்தில் இக்கணக்கை எழுதியிருந்தால், மணலுக்கு உரிமம் கொடுத்த கை சற்றே தயங்கியிருக்கும். 2003 அக்டோபர் 2 முதல் அச்சிறுகனிம விதிகளுள் 38-அ விதியால் மணல் அள்ளும் உரிமையை அரசே மேற்கொண்டது. 2012 பிப்ரவரி 27-இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. 2016 ஜனவரி 15 அறிவிக்கையால் மாவட்டந்தோறும் ஆய்வறிக்கை கட்டாயமாயிற்று. குழி எங்கே, பொருள் எவ்வளவு, அது மீளுமா என்னும் கேள்விகள் ஒரே ஏட்டில் சந்தித்தது அப்போதுதான். ஆற்று மணலின் இடத்தை எம்-சாண்ட் என்னும் உடைத்த கல் மணல் பெற்று வருவதும், 2023-இல் மாநில அரசு அதற்கெனக் கொள்கை வெளியிட்டதும் இதன் தொடர்ச்சி. மணலைப் பாறையிலிருந்து அரைத்தெடுக்கும்போது ஆற்றின் சுமை குன்றின்மேல் ஏறுகிறது. 75 மைக்ரானுக்கும் நுண்ணிய தூள் இயற்கை மணலில் 3 சதவீதம் வரையே இருக்கலாம், உடைத்த கல் மணலில் 15 சதவீதம் வரை இருக்கலாம் என்று தர நிர்ணயம் 383 இடம் கொடுப்பதால் அத்தூளின் தன்மையையும் சோதித்தாக வேண்டும்.

நாகரசம்பட்டிப் பக்கத்தில் இனிச் செய்ய வேண்டிய பணி திட்டவட்டமானது. நெடுங்கல்லுக்கு மேலும் கீழும் நிலையான கற்களை நட்டு, தென்மேற்குப் பருவமழைக்கு முன்பும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின்பும் அதே குறுக்குக் கோட்டில் ஆற்றுப் படுகையின் மட்டத்தை அளந்து, அணையிலிருந்து அவ்வாண்டில் திறந்த நீரின் கணக்கோடு பக்கத்தில் வைத்தெழுத வேண்டும். சரளைக் குழி ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரியோடு நில்லாமல், நான்கு சுவரிலும் வெவ்வேறு ஆழத்தில் எடுத்து, நெகிழ்வெண் எவ்வளவு வேறுபடுகிறது என்பதையே குழியின் குணமாகக் குறிக்க வேண்டும். கைவிடப்பட்ட குழிகளையும் அவற்றின் ஆழத்தோடும், உள்ளே தேங்கும் நீரின் மட்டத்தோடும் அதே படத்தில் ஏற்ற வேண்டும். ஏனெனில் பக்கத்து வயலின் கிணற்று நீர் எந்த மாதத்தில் இறங்குகிறது என்பதற்கு விடை பல சமயங்களில் அங்கேதான் கிடைக்கும்.