மன்னார்க் கோட்டை யாருக்குக் காவல்?

கடலைக் கடந்து மன்னார்த் தீவில் கால் வைப்போரை நான்கு கொத்தளங்களோடு நிற்கும் பழைய கோட்டை எதிர்கொள்கிறது. 1560 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் இவ்விடத்தில் அரண் அமைத்தது கரையோரக் கிறித்தவரைக் காப்பதற்கே என்று பழைய நூல்கள் நமக்குச் சொல்லித் தந்தன. காவல் இருந்தது உண்மையே. எதற்குக் காவல் என்பதுதான் நாம் கேட்கவேண்டிய கேள்வி. 1947 ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒப்பந்தத்தால் திருகோணமலைத் தளம் 1957 வரை பிரித்தானியர் கையில் இருந்ததைக் கண்ட இந்நாட்டுக்கு, இக்கேள்வி புதிதன்று.

கதை எதிர்க்கரையில் தொடங்குகிறது. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர், சலாப உரிமை குறித்து முஸ்லிம் வணிகரோடு கடும் பூசலில் சிக்கியிருந்தனர். ஜொவாம் த குரூஸ் என்ற குதிரை வணிகர் காட்டிய வழியில் அவர்களுடைய தூதுக்குழு கொச்சிக்குச் சென்று போர்த்துக்கேயரின் துணையை வேண்டியது, திருமுழுக்கையும் ஏற்றது. விரைவில் பல்லாயிரவர் மதம் மாறினர். அவர்களை ஏமாளிகள் என்று இகழ்வது தகாது. மூழ்குகின்றவன் கயிற்றை நீட்டுவோனின் குலம் கோத்திரம் விசாரிப்பதில்லை.

லிஸ்பனுக்கோ வேறு கணக்கு இருந்தது. முத்துச் சலாபம் ஒன்று. சோழமண்டலக் கரைக்கும் மலையாளக் கரைக்கும் இடையே சிறு கலங்கள் செல்லும் ஆழமற்ற நீர்வழி மற்றொன்று. 1538 இல் மார்த்தீம் அபோன்சோ த சூசா வேதாளையில் முறியடித்த கோழிக்கோட்டுக் கடற்படை, கோட்டே அரசன் புவனேகபாகுவின் பகைவனான மாயாதுன்னைக்குத் துணைபோக வந்ததாகும். ஒரே அடியில் இரு நண்பர்களின் பகை அடங்கியது. முத்துக் கரையும் போர்த்துக்கேயர் வசமாயிற்று.

இந்நட்பின் உண்மை எடை 1544 இல் தெரிந்தது. சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் மன்னார் மக்கள் திருமுழுக்குப் பெற்றனர். தன் குடிகள் அந்நிய அரசனின் குடிகளாகின்றனர் என்று அஞ்சிய யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றான். அவன் அச்சம் காரணமற்றதன்று. அவன் செயல் கொடுமையே. சவேரியார் தண்டனைப் படை கேட்டார். படையெடுப்பு ஏற்பாடாகிப் பின் கைவிடப்பட்டது. காரணத்தைச் சவேரியாரின் கடிதமே கூறுகிறது: பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டி நின்றது, சரக்கு மன்னன் கையில் அகப்பட்டது, அச்சரக்கு மீளும்வரை அவனோடு போரில்லை! கொல்லப்பட்டோரின் குருதி ஒரு தட்டிலும் கப்பற் சரக்கு மறுதட்டிலும் வைக்கப்பட்டபோது எது தாழ்ந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பரதவரைப் போர்த்துக்கேய அலுவலர் சுரண்டியதையும் அதே சவேரியார் அரசனுக்கு எழுதிக் கண்டித்தார்.

பதினாறு ஆண்டுகளின் பின் இராசப்பிரதிநிதி கொன்ஸ்தாந்தீனு த பிரகன்சா யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்தான். நல்லூரைப் பிடித்தும் நிலைக்க முடியாமல் பின்வாங்கி, மன்னாரை மட்டும் வைத்துக்கொண்டான். வடுகப் படைகளால் தாக்குண்ட புன்னைக்காயலின் பரதவர் இத்தீவில் குடியேற்றப்பட்டனர். பாதுகாப்புத் தேடியவர்களின் ஊரே பெயர்க்கப்பட்டது. நாளடைவில் பலர் தம் கரைக்கே திரும்பிச் சென்றனர், கோட்டை திரும்பவில்லை. 1591 இல் யாழ்ப்பாண அரசனைக் கொன்ற பூர்த்தாதோவின் படை மன்னார் வழியாகவே சென்றது. 1619 இல் அவ்வரசே முடிந்தது.

1658 இல் ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றினர். கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்த அவர்களும், சலாபம் திறந்தபோது அதே பரதவரையே கடலில் இறக்கினர்.